இரண்டாம் மெய்ப்பு

பொய்க்கு மெய்ப்புப் பார்ப்பது என் தொழில்.
தார்த்து நகரில், நாலாம் மாடியில்.
ஜன்னலுக்குக் கீழே உறைந்து கிடக்கும் ஆற்றின் பெயரைப்
பிரித்தால் தாய் ஆறு என்று வரும்.
நான் பிரிப்பதில்லை.

பத்து முதல் பதினான்கு வயதுவரை என்று
பின்னட்டையில் போடப்போகும் நாவல்,
முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கம்.
எழுதிய கெர்ட்டு ஹீயுமா தீவில் இருக்கிறாள்.
பனி கொட்டினால் அவளுக்குத் தபால் போகாது,
பனி கொட்டினால்தான் அவளுக்குக் கதை வரும்.

சிவப்பு மையில் நான் கேட்டவை:
பக்கம் 41. ஓநாயின் கண் சாம்பல் நிறம்.
112இல் மஞ்சள். எது?
பக்கம் 67. ஏழு நாள் நடையில்
பௌர்ணமி இருமுறை வருகிறதே,
மந்திரம் என்றால் விட்டுவிடுகிறேன்,
மறதி என்றால் திருத்துகிறேன்.
பக்கம் 90. மூன்று ஜோடி இரும்புச் செருப்பு
தேய்ந்தால்தான் உப்பு மலை வரும். சரி.
மூன்றையும் ஒரே கொல்லன் ஒரே நாளில் அடித்திருக்கிறான்.
பெண்ணுக்கு வயது பன்னிரண்டு.
கால் வளராதா?

பதில் ஒரே வரியில் வந்தது:
"சாம்பல். மறதி. ஐயோ, கால்!"

மாற்றாந்தாய் பத்தொன்பதாம் பக்கத்தில் நுழைகிறாள்.
நுழைந்த கையோடு ரொட்டியை அளக்கிறாள்.
தூங்கும் பெண்ணின் நிழலை
ஓரம் பிசகாமல் கத்தரித்து
ஆலைக்காரனிடம் இரண்டு படி மாவுக்கு விற்கிறாள்.

எங்கள் மொழியில் அவளுக்கு இரண்டு சொல்.
கதைகளில் வருவதைப் பிரித்தால் அந்நியத் தாய்.
இன்னொன்று மெத்தென்றது,
வளர்ப்பும் நன்மையும் கலந்த ஓசை,
பள்ளிப் படிவத்தில் என் பெயருக்கு எதிரே நான் எழுதுவது.
பதினேழு இடத்தில் முதலாவதை அடித்து
இரண்டாவதை எழுதினேன்.
பிழை ஒன்றும் இல்லை அங்கே.
கை தானாகப் போனது.

ஊர்மாஸின் மகள் மிர்டெ
எங்களோடு வந்து இரண்டு குளிர்காலம்.
எப்போதும் பேச்சை நடுவிலிருந்துதான் தொடங்குவாள்,
எனக்கு ஒரு பெயர் தேவைப்படாதபடி.

நேற்றிரவு சமையல் மேசையில் கட்டு கிடந்தது.
காலையில் பார்க்கிறேன்,
அடித்த பதினேழு சொல்லுக்கும் அடியில்
பென்சில் புள்ளிகள், எறும்பு வரிசைபோல.
அடித்தது செல்லாது, இருக்கட்டும் என்று
அச்சகத்துக்குச் சொல்லும் குறி அது.
யாரும் சொல்லித் தரவில்லை.
பழைய மெய்ப்புகளின் முதுகில்தான்
அவள் கணக்குப் போடுவாள்.

ஓரத்தில் சிறிய எழுத்து:
'இவள் நல்லவளாகிவிட்டால், பெண் ஏன் காட்டுக்குப் போகவேண்டும்?
போகாவிட்டால், முந்நூறு பக்கமும் சமையலறைதான்.'

முதலில் கோபம் வந்தது.
அடுத்து, இரண்டு காற்புள்ளியும்
சரியான இடத்தில் இருப்பது கண்ணில் பட்டது.
நின்றபடியே புரட்டினேன்.
அடுப்பில் பால்கஞ்சி.

தொண்ணூறாம் பக்கத்திலும் பென்சில்.
'கொல்லன் ஒவ்வொரு ஜோடியையும்
ஒரு எண் பெரிதாக அடித்திருப்பான்.
நுனியில் கம்பளி திணித்துக்கொண்டால் நடக்கலாம்.
கொஞ்ச நாளில் பழகிவிடும்.'

அக்டோபரில் மிர்டெக்கு பூட்ஸ் வாங்கினேன்.
அளவு கேட்கத் தயங்கி, ஒரு எண் பெரிதாக.
அவள் ஒன்றும் சொல்லவில்லை.
என் பழைய காலுறை ஒரு ஜோடி
அன்றிலிருந்து காணோம்.

பதினேழு இடத்திலும் புள்ளிகளை அப்படியே விட்டேன்.
கத்தரியோடு, மாவு மூட்டையோடு,
அந்நியத் தாய் அச்சுக்குப் போகட்டும்.
கொல்லனைப் பற்றி மட்டும் கெர்ட்டுவுக்கு எழுதினேன்:
வாசகர் ஒருவரின் யோசனை, ஏற்கலாம்.

நடையில் பூட்ஸின் தொப் தொப்.
நடுவிலிருந்தே வந்தது குரல்:
"...அடிப்பிடிக்குது."