கரும்பலகையின் வலது மூலை

பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு, பாம்பன்.
தேதிக்குக் கீழே நான்தான் எழுதுவேன்.
பதிவு 38. வருகை,
அந்த இடத்தில் சாக்பீஸ் கொஞ்சம் நிற்கும்.
இருபத்து நான்கு.

"மிச்சம் எங்கே?" என்பார் கணக்கு சார்.
காய்ச்சல் சார்.
ஊருக்குப் போயிருக்கா சார்.
பெரியப்பா தவறிட்டாரு சார்.
ரீகனின் பெரியப்பா இந்த வருடம்
மூன்று முறை இறந்திருக்கிறார்.

வீட்டுக்கு ஒரு குறுஞ்செய்தி போகும்:
தங்கள் மகன் இன்று பள்ளிக்கு வரவில்லை.
கொடுத்திருந்த எண் ரீகனுடையதே.
கரை மறைகிற இடத்தில், வலைக்கு நடுவில்,
தன்னைக் காணோம் என்பதைத் தானே படித்துவிட்டு
போனைத் திரும்பவும் பாலித்தீன் பைக்குள் சுற்றுவானாம்.

ஒரு மாலை சார்
தினசரிக் காலண்டரை ஆணியோடு பிடுங்கி வந்து
வருகைப் பதிவேட்டுக்குப் பக்கத்தில் வைத்தார்.
அமாவாசையை ஒட்டி ஆறு நாள்,
பௌர்ணமியை ஒட்டி ஆறு நாள்,
பெண்கள் பக்கம் முழுக்கச் சிவப்பு மை.
தேனிக்காரர். அதுவரை நிலாவை
வானத்தில் மட்டுமே பார்த்தவர்.

என்னைக் கூப்பிட்டார்.
காய்ச்சல் என்று சொல்ல வாய் வரவில்லை.
"கடல் வத்துற நாளு சார்.
பாசி எடுக்கப் போவோம்."
போவோம் என்றதை
அவர் கவனித்துவிட்டார்.

தலைமையாசிரியர் அறையில் சத்தம் கேட்டது.
மேலிடத்துப் படிவத்தில்
நோய், திருமணம், இடப்பெயர்வு, பிற.
கடலுக்குக் கட்டம் இல்லையாம்.
பிற என்பதில் எத்தனை பேரை அடைப்பது?

அடுத்த திருப்புதல் தேர்வு
அமாவாசையைத் தாண்டிப் போய் நின்றது.
பதினோரு மணி வரை கேட் திறந்திருக்கும்,
ஒரு மாதம் பார்ப்போம் என்றார்கள்.
வாட்ச்மேனுக்குத்தான் கோபம்.

பத்தே முக்காலுக்கு நம்பீஸ்வரி வந்தாள்,
விரலில் சுற்றிய துணியை அவிழ்க்க மறந்து,
கண்ணைச் சுற்றி நீச்சல் கண்ணாடி அழுத்திய வட்டத்தோடு.
உட்கார்ந்த பெஞ்சில் ஈரம்.
இருபத்து நான்கை உள்ளங்கையால் அழித்தேன்.
இருபத்தைந்து.
பிறகு செல்சியா, ஹபீபா, இரட்டையர் இருவரும்.
முட்டை போடும் நேரத்தில் முப்பத்தொன்று.

ரீகன் வரவில்லை.
தடைக்காலத்தில் வருகிறேன் என்று சொல்லியனுப்பினான்.
தடைக்காலம் தொடங்கும்போது
பரீட்சை முடிந்திருக்கும்.
சாருக்கு அது தெரியும். அவனுக்கும்.

நேற்று பௌர்ணமி.
அம்மா காலை மூரை கிழித்திருந்தது.
நான் இறங்கினேன்.
இடுப்பளவு தண்ணீரில் பாறையைத் தடவும்போது
மூலையில் இன்று யார் எழுதுவார்கள்
என்றே ஓடிக்கொண்டிருந்தது.

வகுப்புக்குள் நுழைந்தேன்.
நம்பீஸ்வரியின் கோணல் எழுத்து:
பதிவு 38. வருகை 29.
சார் சமன்பாட்டை நிறுத்தவில்லை.
அவள் எழுந்து அழித்தாள்,
எழுதாமல்
சாக்பீஸை என்னிடம் நீட்டினாள்.

ஈரக் கை. போட்ட கோடு எதுவும் தெரியவில்லை.
இடத்தில் போய் உட்கார்ந்து
நோட்டை விரித்த பிறகுதான்
காய்ந்து, மெல்ல வெளுத்தது

30.