விளிம்பு

பெலிசிற்றா, கொட்டாஞ்சேனைத் தையற்காரி.
காந்த அறைக்குள் விடமுதல்
கொலரில் மறந்திருந்த குண்டூசியைத் தாதி கண்டெடுத்தா.
புருஷன் அதை உள்ளங்கையில் வாங்கிக்கொண்டு
வெளியே வாங்கில் இருக்கிறார். மழை.

திரையில் வளையமாய் ஒரு வெளிச்சம்,
நடுவில் இருட்டு.
சீழ் அல்ல;
சீழென்றால் பரவல் படத்தில் நடு வெள்ளையாய் எரிந்திருக்கும்.
மிச்சம் ஒரு கேள்வி:
இங்கேயே பிறந்ததா,
மார்பிலோ நுரையீரலிலோ இருந்து வந்து குடியேறியதா?

மருதானைச் சோதனைச்சாவடியில்
அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து
என்னிடமும் கேட்டார்கள்
எங்கே பிறந்தாய், எதற்கு வந்தாய் என்று.
எனக்கு வாய் இருந்தது.
இதற்கு,
விளிம்பைத் தாண்டிய வீக்கம்தான் வாய்.

அங்கே அளவுப் பெட்டியை நகர்த்தி வைத்தேன்.
வந்தேறியென்றால் அந்த நீர் வெறும் நீர்.
கோலின் முகடு எழும்பியது,
கொம்பனித்தெருவின் புது மாடிக்கட்டடம் மாதிரி, விறைப்பாய்.
இரத்த ஓட்டப் படத்திலும் அதே இடம் சிவப்பு.

இங்கே பிறந்தது.
எங்கே முடிகிறதென்று
அதற்கே தெரியாதது.

அறிக்கையில் 'பெரும்பாலும்' என்று போட்டேன்.
கடைசிச் சொல் பயொப்சி ஊசிக்கு.

வெளியே அவர் என்ன வருத்தமென்று கேட்கவில்லை.
கையை விரித்தார்:
"இதை இனி அவவிட்டக் குடுக்கலாமோ, டொக்டர்?"