பெல்வெதர்

விடிந்தால் வாக்கு எண்ணிக்கை.
நல்லம்பள்ளியில் மாடி அறை, ஆறிப்போன டீ.
சென்னையிலிருந்து வரிவரியாக ஆங்கிலம் வரும்,
தமிழாக்கி அனுப்பினால் டிவியின் அடியில் ஓடும்.
வரிக்கு மூன்று ரூபாய்.

மூன்றரை மணிக்கு ஒன்று வந்தது:
இந்தத் தொகுதி ஒரு பெல்வெதர்.
பெல் என்றால் மணி. வெதர் என்றால் வானிலை.
‘மணி வானிலைத் தொகுதி’ என்று அனுப்பிவிட்டேன்.
பதினோரு நிமிடம் ஓடியது.
பாலக்கோட்டிலிருந்து ஒரே ஒருவர்
போன் போட்டுக் கேட்டாராம்,
மழை வருமா என்று.

சிற்றரசு திட்டி முடித்த பிறகுதான்
அகராதியைத் திறந்தேன்.
ஆங்கிலத்தில் ஓர் எழுத்துதான் வித்தியாசம்,
தமிழில் எழுதினால் அதுவும் இல்லை.
இந்த வெதர், காயடித்த கிடா.
கழுத்தில் மணி கட்டி முன்னால் விட்டால்
மந்தை முழுக்கப் பின்னால் போகும்.
முட்டாது, முரண்டாது,
எந்தப் பெட்டையின் வாசத்துக்கும் வழி மாறாது.
எப்போதும் ஜெயிக்கிற பக்கமே சாய்கிற ஊருக்கு
அந்தப் பேரை வைத்திருக்கிறான் எவனோ.

நானும் இந்தத் தொகுதிதான்.
நகத்தில் மை பாதி வளர்ந்து மேலேறியிருந்தது.

காலையில் சேலம் பஸ் தொப்பூர் கணவாயில் நின்றது.
லாரி கவிழவில்லை இந்த முறை,
ஆடுகள்.
முந்நூறு இருக்கும், சாலையைக் கடந்துகொண்டு.
முதலில் ஒன்று, மணியோடு.

இறங்கிப் போய்க் கேட்டேன், ‘அது காயடிச்சதா?’
மாதேஷ் ஒரு காது இயர்போனைக் கழற்றினான்.
‘ஆமா. ஏங்க, வாங்கறீங்களா?’
‘இல்ல, மணிச்சத்தத்துக்குத்தானே
மத்ததெல்லாம் பின்னால வருது?’
‘அதுங்க பழக்கத்துக்கு வருதுங்க.
மணி எனக்கு.
ராத்திரியில எங்க நிக்குதுன்னு
எனக்குத் தெரியணுமில்ல.’

கண்டக்டர் விசில் ஊதினார்.

ஜன்னலோரம் மறுபடி அகராதி.
நேற்று படிக்காமல் விட்ட கடைசி வரியில்
வெதரின் வேர்ச்சொல் இருந்தது:
ஒரு வயசுக் குட்டி.
அவ்வளவுதான். அந்த வேரில்
கத்தியும் இல்லை, மணியும் இல்லை.

எட்டே கால். முதல் சுற்று.
சிற்றரசு கேட்டிருந்தான்,
அந்தச் சொல்லுக்குச் சரியான தமிழ் என்ன, சீக்கிரம்.
நான்கு எழுதி நான்கையும் அழித்தேன்.
பிறகு
‘முன்னோடித் தொகுதி’ என்று அடித்து அனுப்பினேன்.

ஒரு வரி.
மூன்று ரூபாய்.