முப்பத்தேழரை

றெஜிபோம் பெட்டியில் இன்னும் சூரை மணக்கிறது.
நாற்பது வாட்ஸ் பல்ப், ஒரு பேணி தண்ணீர்,
பதினாலு முட்டை.

கடையில் வாங்கின மானி முப்பத்தொன்பது என்கிறது.
யூடித்துக்குக் காய்ச்சல் பார்க்கிற மானி
முப்பத்தேழரை.
எது பொய்?

ஒரு முட்டையை எடுத்து
மூடின கண்ணில் வைத்தேன்.
சுடவுமில்லை, குளிரவுமில்லை.
வைத்ததே தெரியவில்லை.

போன கிழமை இதே சூட்டுக்குத்தான்
பிள்ளைக்குப் பனடோல் கொடுத்து
நெற்றியில் ஈரத்துணி போட்டேன்.

பத்து மணிக்குப் பாலையூற்று முழுக்கக் கரண்ட் போனது.
தூரத்தில் துறைமுகத்தில் மட்டும் வெளிச்சம்.
சுடுதண்ணிப் போத்தல் இரண்டைச் செருகி,
சாரத்தால் மூடி,
நடுவில் படுத்தேன்.

ஒரு கை பெட்டியில். அங்கே குறையக்கூடாது.
மற்றக் கை யூடித்தின் கழுத்தில்.

நித்திரை வந்தால்
எந்தக் கை எதுவென்று மறந்துவிடும்.