பதினோராவது கட்டம்

விசாரணைப் படிவத்தில் பதினோராவது கட்டம்:
உள்ளே இறங்காததற்குக் காரணம்.
இரண்டு விரல் அகலம்தான்.
"டிரெயினிங்னு எழுதிடு" என்றார் பைஜு.
எழுதினேன்.
எழுதிய பிறகும் கட்டத்தில் இடம் மிச்சமிருந்தது.

ஜுபைலில் ஷட்டவுன் தொடங்கும் முந்தைய வாரம்
ஏசி உறையும் போர்ட்டா கேபினில்
ரொமெல் கேட்டான்:
டாங்கிக்குள் உன் ஆள் விழுந்து கிடக்கிறான். என்ன செய்வாய்?
பைஜு மலையாளம் கலந்து தமிழில் சொன்னார்.
பதினாறு பேரும் ஒரே வாயாக: இறங்கித் தூக்குவோம்.
ரொமெல் பலகையில் கோடு போட்டான், தலைக்கு ஒன்று.
உள்ளே கிடப்பவனுக்கும் ஒன்று போட்டுவிட்டு
எண்ணச் சொன்னான்.
பதினேழு பிணம்.

அப்புறம் நாள் முழுக்க அதேதான்.
மணல் அடைத்த பொம்மையை டிரம்முக்குள் தள்ளிவிட்டு
அது சாவதை வெளியே நின்று பார்ப்பது.
விசில். வயர்லெஸ். கேட் நம்பர். காற்று எந்தப் பக்கம்.
ஒருதரம் என் வலது கால் தானாக வளையத்துக்குள் போயிற்று.
ரொமெல் குனிந்து
அந்த பூட்ஸின் மேல் சாக்பீஸால் பெருக்கல் குறி இட்டான்.
யாரும் சிரிக்கவில்லை.

பன்னிரண்டாம் இரவு, மூன்று பத்து.
உள்ளே சங்கிலிமுத்து கசடு வழித்துக்கொண்டிருந்தான்.
வாளி மேலே வருவது நின்றது.
கயிற்றை ஆட்டினேன். என் பக்கம் மட்டும் ஆடியது.
மீட்டர் கத்தத் தொடங்க
எட்டிப் பார்த்தேன்:
அவன் ஹெல்மெட் விளக்கு
சுவரைப் பார்த்து எரிந்துகொண்டிருந்தது.

விசில். வயர்லெஸ். கேட் ஏழு. காற்று கடலிலிருந்து.
எல்லாம் வரிசையாக வந்தது, என் குரலிலேயே வந்தது.
மீட்புக்காரர்கள் வர ஆறு நிமிடம்.
அந்த ஆறு நிமிடமும்
வலது காலை இடது காலால் மிதித்துக்கொண்டு நின்றேன்.

பிழைத்துக்கொண்டான்.
கம்பெனி எனக்கு ஒரு சான்றிதழும்
ஐம்பது ரியால் கூப்பனும் தந்தது.
கூப்பனில் வாங்கிய கோழியை
அவன்தான் சமைத்தான், வெள்ளிக்கிழமை.
வெங்காயம் நறுக்கிக்கொண்டே கேட்டான்:
"நான் கூப்பிட்டது கேட்டுச்சா?"
கேக்கலை என்றேன்.
கூப்பிட்டானா என்று எனக்கு இன்றும் தெரியாது.
விசில் என் வாயில் இருந்தது.

பயிற்சி என்பது பள்ளிக்கூட நோட்டின் சொல்.
வாயில் வருவது பழக்கம்தான்.
ஆளோடும் பழகுகிறோம், வேலைக்கும் பழகுகிறோம்,
மாட்டையும் பழக்குகிறோம்,
இத்தனைக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு
எப்படிச் சமாளித்தோமோ.
பதினான்கு மாதம் ஒரே அறை, ஒரே குழம்பு,
அவன் மகளுக்குப் பேர் வைத்தபோது
போனில் நானும் இருந்தேன்.
நிற்கப் பழகியது ஒரு நாள், அதில் சாப்பாட்டு இடைவேளை வேறு.

படுக்கையில் இன்னும் சிலநேரம்
அந்தக் கால் மட்டும் துள்ளுகிறது.
மேல் கட்டில் குலுங்கினால்
கீழே அவன் விழித்துக்கொள்கிறான்,
என்னவென்று கேட்பதில்லை.

சான்றிதழில் காலாவதித் தேதி உண்டு. இரண்டு வருடம்.
அதற்குமேல் உடம்பு பழைய புத்திக்குப் போய்விடுமாம்,
மறுபடி வகுப்புக்கு அனுப்புவார்களாம்.
சங்கிலிமுத்து அந்தத் தேதியைத்
தன் கட்டிலோரச் சுவரில் பென்சிலால் குறித்து வைத்திருக்கிறான்.
விளையாட்டுக்குத்தான்
என்று நினைக்கிறேன்.