மீதி தராத பெட்டி

விடுதியில் நீட்டிய தாளில் அறைச் சாமான்களின் பட்டியல்.
காத்தில் ஒன்று, தீலாம் ஒன்று, அல்மாரி ஒன்று.
காத்தில் என்றால் என்னவென்று கேட்டேன்.
மேற்பார்வையாளர் ரொஸ்னானி
இரு கைகளையும் கன்னத்தடியில் வைத்துத்
தலை சாய்த்துக் கண் மூடிக் காட்டினார்.

கட்டில்!
எந்தக் காலத்திலோ எவரோ
கப்பலிலிருந்து இறக்கிவிட்டுப் போன சொல்லின்மேல்
அன்றிரவு படுத்தேன்.
தூக்கம் மட்டும்
இன்னும் சுங்கச் சோதனையில் நின்றுகொண்டிருந்தது.

மறுநாள் சுங்கை துவாவில் ஏறிய முதல் பேருந்தில்
ஐந்து ரிங்கிட் தாளைப் பெட்டிக்குள் போட்டுவிட்டு
மீதிக்குக் கை நீட்டி நின்றேன்.
ஓட்டுநர் பெட்டியைப் பார்த்தார்,
என்னைப் பார்த்தார்,
பிறகு சாலையைப் பார்த்தார்.
பெட்டி வாங்கும். தராது.
கண்டக்டரே இல்லாத வண்டியில்
யாரோடு சண்டை போடுவது?
தூத்துக்குடிக்காரிக்கு
போன காசைவிட அதுதான் பெரிய நட்டம்.

வகுப்பில் தர்ஷாயினி, பட்டர்வொர்த் பெண்.
காலை பத்து மணிக்கு
"பசியாறிட்டியா?" என்றாள்.
பசியே இல்லையே என்றேன்.
சாயங்காலம் "காடியில போலாம் வா" என்றாள்.
எங்கள் வீட்டில் காடி ஊறுகாய்க்கு ஊற்றுவது.
இருவரும் தமிழில் பேசிப் பேசித் திணற
நடுவில் உட்கார்ந்திருந்த வெய் ஜியான்
ஆங்கிலத்தில் எங்களைச் சேர்த்துவைத்தான்.

அறைத்தோழி நூரைனி கிளந்தானிலிருந்து வந்தவள்.
துணி மூன்று நாளாகக் காயவில்லை. "தாக் அப்பா."
அவள் குவளையை உடைத்துவிட்டேன். "தாக் அப்பா."
பரவாயில்லை என்று அர்த்தமாம்.
அதில் அப்பா எங்கிருந்து வந்தார் என்று
ஒரு வாரம் தனியாகச் சிரித்தேன்.
அப்புறம் ஒரு நாள் சிரிப்பு வரவில்லை,
போனை எடுத்தேன்.
அங்கே அப்போது விடிந்திருக்கவில்லை.

இரண்டரை மணி நேரம்.
இரண்டு பிரச்சினையில்லை,
அந்த அரைதான் காலை வாரும்.
கைக்கடிகாரத்தை ஊர் நேரத்திலேயே விட்டுவைத்திருந்தேன்.
விசுவாசம் என்று பெயர் வைத்திருந்தேன் அந்தச் சோம்பலுக்கு.
நடுப்பருவத் தேர்வன்று இரண்டை மட்டும் கூட்டி
அரை மணி தாமதமாய்ப் போய் நின்றேன்.
பேராசிரியர் திட்டவில்லை.
காலி நாற்காலியைக் காட்டினார்,
அது இன்னும் எரிந்தது.

தேர்வு முடிந்து கழிப்பறைக் கண்ணாடி முன்
முள்ளைத் திருகினேன்.
ஐந்தாறு நொடி வேலை.
திருடியவள் போல ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டேன்.

பதினோராவது வாரம்.
மிட்டாய் டப்பாவில் சரியான சில்லறை,
பையில் குடை,
வாயில் யோசிக்காமல் வந்துவிடும் ஒரு லா.
தர்ஷாயினி வீட்டுப் பக்கத்து நிறுத்தத்தில்
கழுத்தில் புத்தம்புது அடையாள அட்டையோடு ஒரு பையன்
கொம்தார் போக இங்கேதானே என்று ஆங்கிலத்தில் கேட்டான்.
"எதிர்ப்பக்கம்" என்றேன், தமிழிலேயே.
முகம் மலர்ந்துவிட்டது அவனுக்கு.
"அக்கா, நீங்க இந்த ஊரா?"

இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும்.
"போங்க, மழை வருது" என்றேன்.
அவன் சாலையைக் கடந்தான்.
என் பேருந்து வந்தது.
ஒவ்வொன்றாகக் காசைப் போட்டுவிட்டு நிமிர்ந்தால்
ஓட்டுநர் தலைக்குமேல் சிவப்பு எழுத்து ஓடுகிறது:
கொம்தார்.

திறக்காத கண்ணாடிக்கு அப்பால்
அவன் எனக்கு நன்றியோடு கையசைக்கிறான்.

மணியை அழுத்தி அடுத்த நிறுத்தத்தில் இறங்கினேன்.
பெட்டி ஒன்றும் திருப்பித் தரவில்லை.
மழை பிடித்துக்கொண்டது.
குடை இருப்பது ஞாபகம் வராமல் நடந்தேன்.
தூரத்தில் அவன் இன்னும் நின்றிருந்தான்,
என் சொல்லை நம்பி,
நான் நின்றிருக்க வேண்டிய பக்கத்தில்.