பயனாளி பங்களிப்பு

கும்புறுப்பிட்டியில் காலை ஒன்பதுக்கே
கச்சான் எழும்பிவிட்டது.
நிலக்கடலைக்கும் அதே பெயர் வைத்த சனம் நாங்கள்,
காற்றா பயிரா என்பதைக்
கேட்பவர் முகம் பார்த்துத்தான் சொல்லவேண்டும்.
இன்றைக்குக் காற்று.
மோட்டார் சைக்கிள் பெட்டியைத் திறந்தால்
படிவங்கள் வேலிக்கு ஓடுகிற காற்று.

நான் அபிவிருத்தி உத்தியோகத்தன்.
கட்டியதை அளப்பேன்.
அளந்ததைப் படமெடுப்பேன்.
படத்துக்குள் பயனாளி நிற்கிறாரா என்று
இன்னொருமுறை பார்ப்பேன்.

யோகாம்பிகையின் வெங்காயக் கொட்டில்
நீளம் இருபதடி, அகலம் பன்னிரண்டு,
இரும்புக் குழாய், கம்பிவலைத் தட்டு நாலு.
வாசலுக்கு மேலே
விவசாய ஏற்றுமதி மேம்பாட்டு மானியம் என்று
மூன்று மொழியில் ஒரு பலகை,
வாசலை விடப் பெரிது.
பலகை செய்தவருக்கும் தனியாக
ஒரு மானியம் கிடைத்திருக்கலாம்.

இருபத்துமூன்று பக்க வணிகத் திட்டம்
திருகோணமலை டவுனில் ஒரு கொமினிகேஷன் பொடியன்
இரண்டாயிரத்து ஐந்நூறுக்கு அடித்துக் கொடுத்தது.
அதில் தன் பெயரைத் தவிர
ஒன்றும் விளங்கவில்லை என்றார்.
எனக்கும் பக்கம் ஒன்பது விளங்கவில்லை,
சொல்லவில்லை.

அரசாங்கம் பாதி போடும்.
மறுபாதிக்குப் படிவத்தில் ஒரு கட்டம்:
பயனாளி பங்களிப்பு, ரூபாவில்.
அடகு வைத்த சங்கிலி, பதக்கம்.
கட்டாரிலிருந்து தம்பி அனுப்பியது.
அத்திவாரம் வெட்டியது தானும் மகளும், ஆறு நாள்.
"அது ரூபாவில எவ்வளவு?" என்றேன்.
"நீங்கதானே படிச்ச ஆள்" என்றார்.

அறுவடைக்குக் கொழும்புக் கொம்பனி வந்தது.
ஒரு வளையத்துக்குள்
வெங்காயத்தை விட்டுவிட்டுப் பார்த்தது.
விழுந்தால் சிறிசு, நுழையாவிட்டால் பெரிசு,
விளிம்பில் சிக்கினால் டொரண்டோ.
தொள்ளாயிரம் கிலோவில்
சிக்கியது நாற்பத்தொன்று.
அதற்கும் காசு இன்னும் வரவில்லை.

மிச்சத்தைச் சந்தைக்கு ஏற்றிய கிழமை
வர்த்தமானி வந்தது,
இறக்குமதி வரி கிலோவுக்கு ஒரு ரூபா.
நிஹ்மத்துல்லாவின் கடையில்
முந்நூற்றுப் பத்துக்கு நின்றது
மத்தியானத்துக்குள் நூற்று நாற்பது.
அவர்தான் என்ன செய்வார்,
பம்பாய் வெங்காயம் மூடைமூடையாய்ப் படியேறி
கல்லாப்பெட்டி வரைக்கும் வந்துவிட்டது.

ஒன்றைக் கண்டேன், குறிக்கவில்லை:
பலகையிலும் வர்த்தமானியிலும்
ஒரே சிங்கம்,
அதே வாள்.

யோகாம்பிகை லொறியைத் திருப்பச் சொன்னார்.
கூலி இரட்டிப்பு.
பிடிபிடியாய் முடிந்து தட்டுகளில் தொங்கவிட்டார்.
கச்சான் நாலு பக்கத்தாலும் வந்துபோனது,
விண்ணப்பம் கேளாமல்,
யாருடைய கையொப்பமும் இல்லாமல்.
தாள் உலர்ந்தது. கழுத்து இறுகியது.
நடுகைக்கு மழை பார்த்திருந்த நாட்களில்
நிலாவெளியிலிருந்தும் இறக்கக்கண்டியிலிருந்தும்
சாக்கோடு ஆட்கள் வந்தார்கள்.
விதை வெங்காயம், கிலோ நானூற்றைம்பது.
சங்கிலி மீண்டது.
பதக்கம் இன்னும் வங்கியில்.

பதினாலாம் கட்டம் கேட்கிறது:
ஏற்றுமதி வருமானம், அமெரிக்க டொலரில்.
விதைக்குக் கட்டம் இல்லை.
புரட்டிப் பார்த்தேன், பின்பக்கமும் இல்லை.
"சைபர் எண்டே போடுங்க" என்றார்,
"எனக்கு என்ன வெக்கம்."
போட்டேன்.
காற்று தாளைத் தூக்க
ஒரு வெங்காயத்தை எடுத்து
அந்த இடத்திலேயே வைத்தார்.

குச்சவெளிக் கந்தோரில்
ஸ்கேன் செய்து அனுப்பிய மூன்றாம் நாள்
தலைமையகம் கேட்டது:
கட்டம் பதினாலில், சைபருக்குப் பக்கத்தில்
ஊதாவாய்ச் சுருண்டிருப்பது
இலக்கமா, கையொப்பமா?

தோல் என்று எழுதினேன்.
அதை அடித்துவிட்டு,
பயனாளி பங்களிப்பு என்று எழுதினேன்.